வரிப் புத்தகத்தைத் திறந்து வைத்த டாம் ஜான்ஸன்

ஒரு நகரத்தில் யார் எவ்வளவு வரி கொடுக்கவேண்டும் என்பதை நகரசபை தீர்மானிக்கிறது என்று ஜனங்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது பாதி உண்மையே ஆகும். நூற்றுக்கு இத்தனை என்று வரியின் விகிதத்தை மாத்திரமே சபை நிர்ணயிக்கிறது. இந்த வீடு இவ்வளவு பெறும், அந்த மனை அவ்வளவு பெறும் என்று வரிக் கச்சேரியின் மூலையில் உட்கார்ந்து ஒருவர் எழுதி வைக்கும் தொகையே, குடும்பஸ்தன் மடியிலிருந்து போகும் பணத்தை முடிவு செய்கிறது. விகிதம் சிறிது உயர்ந்தால் பத்திரிகைகள் முழங்குகின்றன. பொதுக் கூட்டங்கள் கூடுகின்றன. மதிப்புத் தொகையைப் பற்றி மூச்சு விடுவார் இல்லை. தமது வீட்டுக்கு வந்த நோட்டீஸைப் பார்த்தவர் உண்டு. அண்டை வீட்டுக்காரருக்கும், கடைத்தெருத் தனவந்தருக்கும், ரெயில்வே கம்பெனிக்கும் என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவர் எத்தனை பேர்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓஹையோ ராஜ்யத்தைச் சேர்ந்த கிளீவ்லண்ட் என்னும் பெருநகரில், இந்த இரகசியத்தை உடைத்து, மதிப்புப் புத்தகத்தை ஜனங்கள் முன் விரித்து வைத்த ஒருவரின் சரித்திரத்தை இன்று எழுத விரும்புகிறோம். அவர் பெயர் டாம் எல். ஜான்ஸன். அவர் ஏழைகளின் குடிசையில் பிறந்து ஏழைகளுக்காகப் போராடினவர் அல்லர். எந்தச் சலுகைகளை ஒழிக்க முயன்றாரோ, அதே சலுகைகளால் கோடீசுவரர் ஆனவர். அவருடைய ஜீவிய சரித்திரத்தில் நம் கவனத்தைக் கவருவதும் இதுவே.

1854-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் தேதி கெண்டக்கி ராஜ்யத்தில் ஜான்ஸன் பிறந்தார். தகப்பனார் பெரிய பண்ணைக்காரர். உள்நாட்டு யுத்தத்தில் தெற்கத்தியர் பக்கம் நின்றவர். 1865-இல் யுத்தம் முடிந்தபோது குடும்பத்தின் ஐசுவரியமும் முடிந்தது. அவர்கள் அப்போது விர்ஜினியாவில் ஸ்டாண்டன் என்ற ஊரில் தங்கியிருந்தனர். அவ்வூருக்கு நாளொன்றுக்கு ஒரே ரெயில் வந்தது. பதினொரு வயதுப் பையனான டாம் அந்த ரெயிலின் கண்டக்டரோடு சிநேகம் செய்துகொண்டான். வேறு எவருக்கும் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிவரமாட்டேன் என்று கண்டக்டர் அவனுக்கு வாக்களித்தார். ஊரில் பத்திரிகை விற்பவன் இவன் ஒருவனே. ஆகவே இவன் சொன்னதே விலை. ஐந்து வாரங்களில் 88 வெள்ளி டாலர் சேர்ந்தது. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு லூயிவில் நகரத்துக்குத் திரும்ப வழிச் செலவும் அதனால் கிடைத்தது. பிறகு கண்டக்டர் மாறினார், வியாபாரமும் போயிற்று. போட்டியில்லாத சலுகை ஒன்று கிடைத்தால் உழைப்பு அதிகமில்லாமலே பணம் குவியும் என்ற பாடம் அந்தப் பையன் மனத்தில் பதிந்துவிட்டது. வெகு காலம் வரையில் அப்பாடத்தை அவர் தமக்காகவே உபயோகித்துக்கொண்டார்.

1869-இல் லூயிவில் டிராம் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். பிரயாணிகள் போடும் காசு கண்ணில் படும்படியாகக் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, அதனால் 20,000 டாலருக்குக் குறையாமல் சம்பாதித்தார். இருபத்திரண்டு வயதில் இண்டியானாபொலிஸ் நகரத்து டிராம் பாதைகளை வாங்கினார். பின்னர் கிளீவ்லண்டுக்கு வந்து, மக்கின்லியைப் பிற்காலத்தில் ஜனாதிபதி ஆக்கிய மார்க் ஹன்னாவோடு டிராம் வியாபாரத்தில் மோதினார். தண்டவாளம் வார்க்கும் உருக்காலைகளும் நிறுவினார். நகரசபை கொடுக்கும் பாதை உரிமை, காங்கிரஸ் விதிக்கும் இறக்குமதித் தீர்வை ஆகிய இரண்டு தூண்களின்மேல் அவர் செல்வம் எழுந்தது.

இந்த நிலையில் ரெயிலில் போய்க்கொண்டிருந்தபோது, பத்திரிகை விற்கும் பையன் ஒருவன் ஹென்றி ஜார்ஜ் எழுதிய சமூகப் பிரச்சினைகள் பற்றிய புத்தகத்தை அவரிடம் விற்றான். ஜார்ஜ் என்பவர் டால்ஸ்டாய் பெரிதும் போற்றிய அறிஞர். நிலத்தின் மதிப்பு உடையவனின் உழைப்பால் உண்டாவதன்று, ஊரார் கூடி வாழ்வதால் உண்டாவது. ஆதலால் அதன்மேல் வரி போட்டு ஊருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும், வீடு கட்டுகிறவனையும் தொழில் செய்கிறவனையும் விட்டுவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. ஜான்ஸன் அத்தோடு நில்லாமல் அதே ஆசிரியரின் பெரிய நூலையும் வாங்கிப் படித்தார். படித்துக் கலங்கினார். தம்முடைய வக்கீலிடம் அந்நூலைக் கொடுத்து, இதில் தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டார். கட்சிக்காரர் வக்கீலிடம் கேட்கும் கேள்விகளில் இது விசித்திரமானதே! வக்கீலுக்குத் தவறு அகப்படவில்லை. ஜார்ஜை நேரில் கண்டு ஜான்ஸன் அவருடைய சீடரானார்.

1890-இல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உருக்குத் தண்டவாளம் செய்து விற்கும் முதலாளியாகிய அவரே, தண்டவாளத்துக்குக் காப்புத் தீர்வை வேண்டாம் என்று அச்சபையில் வாதாடினார். தலைநகராகிய வாஷிங்டனில் சொத்துக்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று விசாரித்த கமிட்டி ஒன்றுக்குத் தலைமை வகித்தார். சிறிய வீடுகளின் மதிப்பு உண்மை விலையை ஒட்டி நின்றது; பெருவர்த்தகத் தெருக்களின் நிலமும், விலை ஏறட்டும் என்று காலியாகப் போட்டு வைத்த நிலமும் அற்ப மதிப்பில் கிடந்தன. இந்த அநீதி எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று; கணக்குப் புத்தகத்தில் மட்டுமே வாழ்வது. இதை அவர் கண்கூடாகக் கண்டது அங்கேதான் என்று நாம் கருதுகிறோம்.

1901 ஏப்ரலில் கிளீவ்லண்ட் ஜனங்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். பதவி ஏற்பதற்கு ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் நகரத்துக்குரிய நிலத்தை ரெயில்வே கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுத்து நின்ற கோர்ட்டுத் தடையுத்தரவு முடியும் வேளையில், பழைய மேயர் கையெழுத்துப் போட்டுவிடாதபடி, விரைந்து சென்று பிரமாணம் செய்து நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டரை வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலி அவருடையதாக இருந்தது.

உட்கார்ந்ததும் அவர் கவனம் வரிக் கச்சேரியின்மேல் சென்றது. ஓஹையோ ராஜ்யத்தின் அரசியல் சட்டம் எல்லாச் சொத்தையும் உண்மையான பண மதிப்பில், ஒரே விதியாக மதிக்கவேண்டும் என்று கூறிற்று. நடைமுறையோ வேறு. நிலத்தையும் கட்டிடத்தையும் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் மதிப்பிட்டனர். 1900-இல் எழுதிய எண், நகரம் எப்படி வளர்ந்தாலும் 1910 வரையில் நிற்கும். எழுதுகிறவர்களுக்கு ஒழுங்கான அளவுகோலும் கிடையாது. முன்பு இருந்த தொகையும், சொத்துக்காரர் யார் என்பதுமே வழிகாட்டிகளாக இருந்தன.

இதற்கு ஜான்ஸன் செய்த பரிகாரத்துக்கு வரிப் பள்ளிக்கூடம் என்று பெயர் வந்தது. பீட்டர் விட் என்பவரை அதற்குத் தலைவராக்கினார். அவர் பட்டம் பெற்றவர் அல்லர், இரும்பு வார்ப்புத் தொழிலாளி, தொழிற்சங்க வேலைக்காக முதலாளிகளால் விலக்கி வைக்கப்பட்டவர், நாவு கூர்மையானவர். நகர மண்டபத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. வட்டம் வட்டமாகப் பெரிய வரைபடங்கள் தயாராயின. ஒவ்வொரு மனையும் அதில் தனித்தனியே கோடு போட்டுக் காட்டப்பட்டது. அகலம் எத்தனை அடி, புத்தகத்தில் எழுதிய மதிப்பு எவ்வளவு, அடி ஒன்றுக்கு என்ன விழுகிறது என்று எல்லாம் எழுதப்பட்டன. படங்களைச் சுவரில் மாட்டி, வரி கொடுப்போரை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வராதவர்களுக்கு, அவரவர் வீதியின் படம் தபாலில் போயிற்று. ஒரே வீதியில், ஒரே அகலமுள்ள இரண்டு மனைகளுக்கு இரண்டு விதமான மதிப்பு இருப்பதை, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டனர். அதுவரையில் வரி அதிகம் என்று பொதுவாக முணுமுணுத்தவர்கள், இப்போது என் பக்கத்து மனைக்கு ஏன் குறைவு என்று கேட்கத் தொடங்கினர். முதல் கேள்விக்கு அதிகாரிகள் சமாதானம் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குச் சமாதானம் ஏது?

எதிரிகள் சும்மா இருப்பார்களா? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நகரப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று வழக்குத் தொடர்ந்து தடையுத்தரவு வாங்கினர். இரண்டு வருஷம் நிறைவதற்குள் அது மூடப்பட்டது. நியாயஸ்தலங்களில் பழகிய நாம் ஒன்று சொல்லவேண்டும்: சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தில் பசையில்லாமல் இல்லை. நகரசபைகளுக்குச் சட்டம் தந்த அதிகாரமே உண்டு. ஆயினும் படங்கள் நிறுத்தப்பட்டனவே ஒழிய, பார்த்தவர்களின் கண்ணை மூடும் உத்தரவை எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியவில்லை.

மேயர் நியமித்த சமன்பாட்டுச் சபை, டிராம் கம்பெனி முதலிய பொதுவசதிக் கம்பெனிகளின் மதிப்பை உயர்த்திற்று. உடனே ராஜ்யச் சட்டசபை அச்சபையையே எடுத்துவிட்டு, ராஜ்ய அதிகாரிகள் நியமிக்கும் வேறொரு சபையை அவ்விடத்தில் வைத்தது. ரெயில்வேக்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ரெயில் பாதை செல்லும் ஜில்லாக்களின் கணக்கதிகாரிகள் ஆண்டுதோறும் கூடி அதன் சொத்தை மதிப்பார்கள். அவர்கள் அந்தக் கம்பெனிகள் கொடுத்த இலவசப் பாஸில் பிரயாணம் செய்கிறவர்கள்! ஜான்ஸன் அந்தக் கூட்டங்களுக்கு நேரே போனார். பத்திரிகை நிருபர்களும் உடன் போனார்கள். பேராசிரியர் எட்வர்ட் பெமிஸ் கணக்குகளோடு பக்கத்தில் நின்றார். கம்பெனியின் பங்குகளும் கடன் பத்திரங்களும் சந்தையில் என்ன விலை போகின்றன என்று பாருங்கள். வாங்குகிறவன் ஒன்றும் அறியாதவன் அல்லன். வீடுகளும் பண்ணைகளும் உண்மை விலையில் சுமார் நூற்றுக்கு 60 வீதம் மதிக்கப்படும்போது ரெயில்வேக்கு மட்டும் ஏன் அதைவிடக் குறைவு, என்பது அவர்கள் வாதம். கணக்கதிகாரிகள் அசையவில்லை. மேல் சபைக்குப் போனார். ராஜ்ய சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். அங்கும் வெற்றி இல்லை.

1903-இல் ராஜ்யத்தின் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். ஊர் ஊராகச் சர்க்கஸ் கூடாரம் அடித்து, கேள்வி கேட்பவர்களுக்கெல்லாம் மேடையிலேயே பதில் சொல்லி அவர் நடத்திய பிரசாரத்தில் ரெயில்வே மதிப்பீடு பெரிய இடம் பெற்றது. தோற்றாலும் நகரம் அவரைக் கைவிடவில்லை. நான்கு தேர்தல்களில் மேயர் பதவியை அவருக்கே கொடுத்தது.

டிராம் கட்டணம் மூன்று சென்டுதான் இருக்கவேண்டும் என்று அவர் நடத்திய நீண்ட போராட்டத்தை இங்கே விரிக்கவில்லை. உலகம் அவரை அதற்காகவே அதிகம் நினைக்கிறது. எமது அபிப்பிராயத்தில் அந்தப் போராட்டம் அவருடைய சக்தியை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டது; 1908-இல் ஜனங்களின் வாக்கெடுப்பில் அவர் ஏற்பாடு தோற்றபோது அவருடைய செல்வாக்கும் சரிந்தது. செல்வமும் கரைந்தது, தேகமும் தளர்ந்தது. யூக்ளிட் அவென்யூவில் இருந்த மாளிகையையும் விட்டு வெளியேற நேர்ந்தது.

1909 நவம்பரில் நடந்த தேர்தலில் ஹெர்மன் பேர் என்பவரிடம் மேயர் பதவியை இழந்தார். ஆனால் அதே தேர்தலில் மற்றொரு காரியமும் நடந்தது. ராஜ்யம் பத்து வருஷ முறையை மாற்றி, நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டாளர்களைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்று அண்மையில் சட்டம் செய்திருந்தது. தலைவரைத் தோற்கடித்த அந்த ஜனங்களே, மதிப்பீட்டாளர் சபைக்கு அவருடைய தோழர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஜான்ஸனோடு நெடுநாள் உழைத்த பிரெடெரிக் ஹோவ் அவர்களில் ஒருவர்.

1910-இல் அவர்கள் கையாண்ட முறை, செயின்ட் பால் நகரத்தைச் சேர்ந்த ஸோமர்ஸ் என்பவர் வகுத்தது. வீதியின் நடுவில், ஓரடி அகலமும் நூறடி ஆழமும் உள்ள நிலம் என்ன பெறும் என்பதை அளவாக வைத்துக்கொள்வது. அந்த அளவை அதிகாரி தனியே எழுதாமல், அந்தந்தப் பகுதியின் குடிகளைக் கூட்டி, பகிரங்கமாக விவாதித்து முடிவு செய்வது. பிறகு மூலை மனைக்கு இவ்வளவு கூட, பாதி ஆழமே உள்ள மனைக்குப் பாதிக்கு மேல் இவ்வளவு என்று அட்டவணையைக் கொண்டு மற்ற மனைகளைக் கணக்கிடுவது. கட்டிடத்தின் மதிப்பு தனியே எழுதப்பட்டது. ஒரு மனையின் தொகை தெரிந்தால் பக்கத்து மனையின் தொகை சரியா என்று எவரும் தாமே போட்டுப் பார்க்கலாம். குமாஸ்தாவின் தயவுக்கும் கோபத்துக்கும் அதில் இடம் சுருங்கிற்று. பீட்டர் விட்டின் சுவர்ப் படங்களில் தொடங்கிய வேலை, எட்டு ஒன்பது வருஷம் கழித்து நகரம் முழுவதற்கும் நடைமுறையாயிற்று.

ஜான்ஸன் அப்போது பதவி இல்லாதவர், நோயாளி. தம் சரித்திரத்தைச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி காலமானார். கிளீவ்லண்டில் அடக்கம் செய்யவில்லை. புரூக்லினில் உள்ள கிரீன்வுட் மயானத்தில், ரெயிலில் வாங்கிய புத்தகத்தின் ஆசிரியராகிய ஹென்றி ஜார்ஜின் சமாதிக்கு அருகே அவரை வைத்தார்கள்.