விண்ணினின்று இறங்கிய மருத்துவர்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நிலம் வானம் பார்த்த பூமி. ஆடித் திங்களில் மேல்காற்று வீசத் தொடங்கினால் கரிசற் காட்டுப் புழுதி எழுந்து ஊரை மூடும். அந்நாளில், நெசவாளர் தெருவிலே நனைத்த சேலையை உலர்த்துவதற்காக அதன் முனைகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிறுவனைக் காற்று நாலடி இழுத்துச் செல்லும். துணியானது காற்றைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டால் அதற்கு எத்துணை வலிமை உண்டாகிறது என்பதை அச்சிறுவன் ஒருவர் சொல்லாமலே அறிந்துகொள்கிறான். பாராசூட் எனப்படும் வான்குடையின் தத்துவமும் இவ்வளவே.

அக்குடையைக் கொண்டு வானத்தினின்று இறங்கும் வித்தை முதலில் வேடிக்கையாகவே வளர்ந்தது. 1797ஆம் ஆண்டில் கார்னரின் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிசு நகரத்தில் புகைக்கூண்டு ஒன்றில் மேலேறிக் குடையுடன் இறங்கிக் காட்டினார். நம் நாட்டில் இராமச்சந்திர சட்டர்ஜி என்ற வங்காளி வீரர் 1890இல் கல்கத்தா மக்கள் வியந்து நோக்க அவ்வாறே இறங்கினார். இவை யாவும் கழைக்கூத்துப் போலக் கண்டு களிப்பதற்கு உரியனவாகவே இருந்தன. இரண்டாம் உலகப் போரில்தான் வான்குடை படைக்கருவி ஆயிற்று.

1941ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியப் பட்டாளத்தில் ஐம்பதாம் பாராசூட் பிரிகேடு அமைக்கப்பெற்றது. அதில் ஆங்கிலேயருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கூர்க்கர்களுக்கு ஒன்று என மூன்று பட்டாலியன்கள் இருந்தன. இந்தியப் பட்டாலியனுக்கு மருத்துவராக வந்தவர் லெப்டினன்ட் இரங்கராஜ் என்ற தமிழர். ஆர்க்காட்டின் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய அவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங் என்பவருமே இந்தியப் படையினருள் முதன்முதலாக வான்குடையுடன் குதித்தவர்கள் ஆவர்.

அக்காலத்துக் குதித்தல் எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அச்செயலின் அருமை விளங்காது. குடையை மடித்து வைத்த பையைக் குதிப்பவர் முதுகில் கட்டிக்கொள்வார். பையிலிருந்து நீளும் வார் ஒன்று விமானத்தின் உள்ளே மாட்டப்பட்டிருக்கும். அவர் வெளியே விழுந்தவுடன் அவ்வார் இறுகிக் குடையை வெளியே இழுத்துவிடும். ஏறத்தாழ 28 அடி அகலமுள்ள அக்குடை காற்றேற்று விரியும் வரையில் உயிர் ஊசலாடும். விரியாமற் போனால் அணிந்துகொள்ள வேறு மாற்றுக்குடை அந்நாளில் அவர்களுக்குக் கிடையாது. விரிந்து இறங்கினும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதிலினின்று குதித்தாற் போன்ற அதிர்ச்சி கால்களைத் தாக்கும். கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்றே மடக்கி, நிலத்தைத் தொட்டவுடன் உருளக் கற்றவரே எலும்பு முறியாமல் எழுவர்.

போர்வீரன் குதிக்கலாம்; மருத்துவர் ஏன் குதிக்க வேண்டும் என்று வினவத் தோன்றும். வான்குடைப் படை இறங்கும் இடம் பகைவர் நிலத்தின் நடுவிடம். அங்கே காயமுற்றவனைத் தூக்கிவர வழியும் இல்லை, வண்டியும் இல்லை. குருதி வடிந்து ஒருவன் சாவதற்குச் சில நாழிகை போதும். ஆகவே வீரன் விழுகின்ற இடத்திலேயே மருந்தும் விழுதல் வேண்டும். இதனை உணர்ந்தே, பிறரைக் கொல்லும் கடமை இல்லாத இரங்கராஜ் பிறரைப் போலவே சாவை எதிர்கொண்டு குதித்தார்.

அவர் பெயரை உலகறியச் செய்தது கொரியப் போர். 1950ஆம் ஆண்டில் அப்போர் மூண்டபோது, இந்தியா போரிடும் படையை அனுப்ப உடன்படவில்லை. மருத்துவப் படையை மட்டும் அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் இரங்கராஜின் தலைமையில் அறுபதாம் பாராசூட் களமருத்துவப் படை அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. ஆற்று நீரும் உறையும் கொடும்பனிக் காலம் அது.

அப்படை வடக்கே பியாங்யாங் நகரை அடைந்த சின்னாட்களில் சீனப்படை பெருவெள்ளம் போல் வந்தது. ஐக்கிய நாட்டுப் படைகள் பின்வாங்கின. மருத்துவக் கருவிகளை ஏற்றிச்செல்ல இந்தியர்க்கு வண்டிகள் இல்லை. அவற்றை விட்டுவிட்டு வந்துவிடுவதே எளிய வழி. ஆயினும் கருவியிழந்த மருத்துவர் ஏரிழந்த உழவரை ஒப்பர் அன்றோ? இரங்கராஜும் அவர் படையினரும் அங்கே கிடந்த பழைய நீராவி இரயில் எஞ்சின் ஒன்றைக் கண்டனர். அதனை ஓட்டத் தெரிந்தவர் சிலர் அவர்களிடையே இருந்தமை நற்பேறே ஆகும். ஏனையோர் வரிசையாக நின்று வாளி வாளியாக நீரைக் கைமாற்றிக் கொதிகலத்தை நிரப்பினர். கருவிகளையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு அவ்வண்டி புறப்பட்டு ஆற்றைக் கடந்தது. அதன்பின் சிறிது நேரத்துக்குள் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அன்று காத்த கருவிகளே பின்னர் மூன்றாண்டுக்கு மேல் அப்படைக்குப் பயன்பட்டன.

1951ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் சியோல் நகருக்கு வடமேற்கே முன்சான் என்னும் இடத்தில் அமெரிக்க வான்குடைப் படையினர் 3,400 பேருக்கு மேல் குதித்தனர். அவர்களுடன் இந்திய மருத்துவப் படையினர் பன்னிருவரும் குதித்தனர். அவர்களுக்குத் தலைவராகச் சென்றவர் இரங்கராஜே. இறங்கிய இடத்திலேயே அறுவைக் கூடம் அமைத்துக் காயமுற்றோரைக் காத்தனர். அப்படையின் மற்றொரு பகுதி தேகு நகரில் தங்கி, வீடிழந்த கொரியக் குடிமக்களுக்கு மருத்துவம் செய்துவந்தது. இரங்கராஜுக்கும் மேஜர் பானர்ஜி என்பவருக்கும் இந்திய அரசு மகாவீர் சக்கர விருதை வழங்கிச் சிறப்பித்தது.

படைப்பணி நீங்கிய பின்னரும் அவர் ஓய்ந்திலர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், உலகச் சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியை ஆப்கானித்தானத்தில் நடத்தினார். போர்க்களத்தினும் இது கடினமான பணி என்றே கூறலாம். அங்கே நோயுற்றவனின் கொப்புளச் சீழை எடுத்து நலமுள்ளவன் தோலைக் கீறித் தடவும் பழைய வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் சிலரைக் காத்தது. பலரிடையே நோயைப் பரப்பியது. பெண்டிர் திரைக்குள் வாழும் ஊர்களில் அயலார் நுழைந்து அம்மை குத்துதல் எளிதன்று. அவர்தம் குழுவினர் பனி மூடிய கணவாய்களைக் கடந்து, ஊர் ஊராகச் சென்று, வீடுதோறும் நோயைத் தேடினர். ஆங்கு வான்குடைக்கு வேலை இல்லை; கால்நடையும் பொறுமையுமே வேண்டியிருந்தன. 1973இல் அந்நாட்டில் பெரியம்மை அற்றது.