மதுரை தந்த மணி

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிற்கு மாணவப் பிரதிநிதியாகத் துறைத் தலைவர் என்னை நியமித்தார். போட்டியும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நண்பர்கள் சிலர் கேலி செய்தனர். மாணவர் தேர்ந்தெடுக்காதவன் மாணவர்க்காக எப்படிப் பேசுவான் என்று கேட்டனர். எனக்கு விடை தெரியவில்லை. அந்த மனக்குழப்பத்தோடு ஒரு நாள் நூலகத்தில் வரலாற்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இதே கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வில் சந்தித்த ஒருவரைக் கண்டேன். அவர் நம் மதுரைச் சீமையின் மைந்தர் என்று அறிந்தபோது என் மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று. அவர்தாம் மணி ஐயர் என்று மக்கள் அன்போடு அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர்.

1842ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் பிறந்தார். தந்தையார் இராமநாதபுரம் ஜமீனின் வக்கீலாகப் பணியாற்றியவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் பருவத்திலேயே தந்தை காலமானார். தாயும் தமையனாருமே அவரை வளர்த்து ஆளாக்கினர். மதுரையில் பள்ளிப் படிப்பை முடித்ததும் குடும்ப நிலை அவரை அரசாங்க அலுவலகத்து எழுத்தராக்கியது.

பகலில் அலுவலகம், மற்ற நேரமெல்லாம் புத்தகம். கல்லூரி வகுப்பறையில் அமரும் வாய்ப்பின்றியே தனியாகப் படித்துத் தேர்வு மேல் தேர்வாக எழுதினார். 1868இல் சட்டப் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் மதுரைக்கு ரயில் கிடையாது. 1875இல்தான் மதுரைக்கு ரயில் வந்தது. நம் திருமங்கலம் வழியாக அது தூத்துக்குடியை எட்டியது அதற்கடுத்த ஆண்டில். அப்படியானால் மதுரையில் இருந்துகொண்டு சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெறுவது எத்தகைய அரிய முயற்சி என்பதை எண்ணிப் பாருங்கள்! பேருந்து தாமதமானால் முதல் வகுப்பிற்கே மட்டம் போட நினைக்கும் நமக்கு இது ஒரு பாடமன்றோ?

1869 முதல் மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார். நகரசபை உறுப்பினராகவும் தொண்டாற்றினார். அவரது சட்டப் புலமையின் புகழ் சென்னைக் கோட்டைவரை எட்டியது. 1884இல் அரசாங்கம் அவரைச் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தது.

அந்தச் சபை எப்படிப்பட்டது? 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது அது. கவர்னர் விரும்பியபோது கூடும். கூடுதல் உறுப்பினர் நால்வர் முதல் எண்மர்வரை; அவர்களையும் கவர்னரே நியமிப்பார். முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். அரசாங்கத்தை நோக்கி ஒரு கேள்வி கேட்க உரிமையில்லை. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வாய் திறக்க வழியில்லை. ‘கனம்’ என்ற அடைமொழி உண்டு, அதிகாரம் இல்லை. அதே காலத்தில் ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பாராளுமன்ற உறுப்பினர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, அமைச்சரவைகளை ஆக்கவும் நீக்கவும் செய்தனர். ஒரே முடியின்கீழ் இரண்டு நீதிகள்!

இத்தகைய நாற்காலியில் அமர்ந்தவர் அதன் பெருமையில் மயங்கியிருக்கலாம். மணி ஐயர் மயங்கவில்லை. 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியபோது அவர் அங்கே சென்றார். சட்டசபைகளில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வேண்டும், வரவு செலவுத் திட்டம் சபையின்முன் வரவேண்டும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்று கோரிய தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். நியமனத்தால் பதவி பெற்றவரே நியமன முறை போதாது என்றார்! ஏழாண்டுகள் கழித்து, 1892ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கோரிக்கையில் ஒரு சிறு பகுதியை மட்டும் தந்தது. கேள்வி கேட்கவும் வரவு செலவைப் பற்றிப் பேசவும் வழி பிறந்தது. உண்மையான தேர்தலுக்கு நாடு இன்னும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

பின்னர் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். சர் பட்டம் வந்தது. 1907இல் ஓய்வு பெற்றார். வாழ்க்கை அத்தோடு நிறைவுற்றிருந்தால் அவர் ஒரு வெற்றி பெற்ற உத்தியோகஸ்தர், அவ்வளவே.

ஆனால் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியபோது முதியவர் அதன் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் அம்மையார் காவலில் வைக்கப்பட்டார். அந்த மாதமே மணி ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்திய மக்களின் நிலையை எடுத்துரைத்துத் தன்னாட்சிக்கு ஆதரவு வேண்டினார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. அமெரிக்கத் தம்பதியர் ஒருவர் அக்கடிதத்தைக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இந்திய மந்திரி மாண்டேகு அதைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. சர், திவான் பகதூர் ஆகிய பட்டங்களைத் துறந்தார். 1924 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழக செனட் மாளிகையின்முன் அவரது சிலை நிற்கிறது. கல்லூரிக்குள் நுழையாமலே பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத்தின் வாயிலிலே நின்று நம்மை வரவேற்கிறார்!

நண்பர்களே! நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்று என்னால் விடை கூற முடியும். பதவியை யார் தந்தார் என்பது நம் கையில் இல்லை. அதைக் கொண்டு யாருக்காகப் பேசுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆயினும் நீங்கள் கூறியதிலும் நியாயம் உண்டு. ஆகவே வரும் ஆண்டில் எங்கள் வகுப்புப் பிரதிநிதியை வாக்கெடுப்பின் மூலமே தேர்ந்தெடுக்க வேண்டுமென்று துறைத் தலைவரிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துள்ளேன். அதன் அடியில் முதல் கையொப்பம் என்னுடையது.