தர்மா குமாரும் எலன் மக்ஆர்தர் பரிசும்

இன்று மகிழுந்து ஆலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் நிலங்கள் ஒருகாலத்தில் மிராசு முறை நிலவிய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதிகள். அந்நிலங்களை உழுதோருள் பலர் அவற்றில் உரிமையற்றோர். இத்தகையோரின் வரலாற்றைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆராய்ந்தவர் தர்மா குமார் (1928-2001). சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கடராமனின் மகளாகிய இவர் ரிசர்வ் வங்கியிலும் பணியாற்றியவர்.

ஆங்கிலேயர் ஆட்சியே நிலமற்ற உழவுத் தொழிலாளரைத் தோற்றுவித்தது என்பது அன்று வலுப்பெற்றிருந்த கருத்து. சுரேந்திர பட்டேலின் 1952ஆம் ஆண்டு நூல் அதனை நிலைநாட்ட முயன்றது. தர்மா குமாரின் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்ட ஆய்வேடு இதனை மறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்கள்தொகையில் 10 முதல் 15 விழுக்காட்டினர் அத்தகைய தொழிலாளராக இருந்தனர் என்றும், அந்நிலைக்குச் சாதியே அடிப்படை என்றும் அவர் கணித்தார். பள்ளு இலக்கியம் பயில்வோர் இக்கணிப்பைப் புறக்கணித்தல் இயலாது. நாம் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே உண்மை.

அவ்வாய்வேடு எலன் மக்ஆர்தர் பரிசைப் பெற்று, 1965இல் நூலாயிற்று. பரிசுக்குரிய நிதியை விட்டுச்சென்ற மக்ஆர்தர் (1862-1927) கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாறு கற்பித்த பெண்மணி. ஆயினும் 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை.

தர்மா குமார் பின்னர் தில்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியரானார். இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழின் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கினார். கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதி 1983இல் அவர் பதிப்பில் வெளிவந்தது. அவருடைய கணிப்பின் மீதான விவாதம் இன்றும் தொடர்கிறது.