பள்ளிவாசலில் ஒரு மருத்துவக் கூடாரம்

போர்க்களத்தில் வாளேந்தி நின்ற ஸஹாபாக்களின் வீரத்தைப் பலமுறை படித்திருப்பீர்கள். அவ்வீரர்கள் காயமுற்று வீழ்ந்தபோது குருதியை நிறுத்திக் கட்டுப்போட்ட கரங்கள் யாருடையவை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அக்கரங்களுள் ஒன்று அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களுடையது. டில்லியிலுள்ள ஜாமிஆ ஹம்தர்தின் செவிலியர் கல்லூரி அன்னாரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்னாரின் பணியின் அருமையை உணர வேண்டுமாயின், ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரை நினைவுகூருங்கள். அன்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். குருதி மேலும் பெருகவே, பாயின் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலை வைத்து அழுத்தினார்கள், குருதி நின்றது. ஆயிஷா (ரலி) அவர்களும் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களும் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்து காயமுற்றோருக்குப் புகட்டினார்கள். எல்லாம் அவ்வேளையில் கைக்குக் கிட்டியதைக் கொண்டு செய்த உதவிகள்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் (கி.பி. 627) அகழ்ப்போரில் அவ்ஸ் குலத் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. பெருமானார் (ஸல்) அவர்களே அதற்குச் சூடிட்டார்கள், கை வீங்கியது, மீண்டும் சூடிட்டார்கள். பின்னர் அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்குமாறு பணித்தார்கள். அக்கூடாரம் இருந்த இடம் எது தெரியுமா? மஸ்ஜிதுன் நபவீயினுள்! அருகிலிருந்தே நலம் விசாரிக்கலாம் என்பது அண்ணலாரின் நாட்டம். அவ்வாறே காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் நோயாளியின் நிலையைக் கேட்டறிந்தார்கள்.

போரில்லாத நாட்களில் அக்கூடாரத்தில் என்ன நடந்தது? வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் ஒரு சிறு குறிப்பை விட்டுச் சென்றுள்ளார். ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்ததோடு, கவனிப்பாரற்ற முஸ்லிம்களுக்குப் பணிபுரிவதையும் இறைவனின் நற்கூலி நாடித் தாமே ஏற்றிருந்தார்கள் என்பதே அது. இக்குறிப்பைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். முழு வரலாறும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது இச்சிறியேனின் கருத்து. போர் ஓய்ந்ததும் வாளை உறையிலிட்டு வைக்கலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு உறையிலிட்டு வைக்க இயலாது. ஏழை எளியோரின் நோயில் நாள்தோறும் பழகிய கரமே அம்பு தைத்த நாளில் நடுங்காமல் நின்றது. அன்னாரைப் பற்றி இக்காலச் சிறுநூல்கள் சேர்த்துக் கூறும் அலங்காரக் கதைகள் நமக்கு வேண்டியதில்லை; இந்த ஒரு குறிப்பே போதும்.

அந்நிய ஆடவரின் காயத்தைப் பெண் தொடலாமா என்று நம் இல்லங்களில் இன்றும் சிலர் கேட்கின்றனர். போரில் பெண்கள் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்வதற்கென்றே இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் ஒரு பாடம் அமைத்திருப்பதை அவர்கள் பார்க்கட்டும். தேவை நேரும்போது வரம்பு பேணி இதனைச் செய்யலாம் என்றே மார்க்க அறிஞர்கள் சட்டம் வகுத்துள்ளனர்.

ஸஅத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்திலிருந்துதான் பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்பளிக்கக் கழுதையின்மீது அமர்த்தி அழைத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பி வந்தபின் காயம் வாய் திறந்தது. குருதி பெருகிப் பள்ளிவாசலில் இருந்த பனூ கிஃபாரின் கூடாரம்வரை ஓடியது. அன்னார் ஷஹீதானார்கள்.

நோயாளி மறைந்தாலும் பணி ஓயவில்லை. இதே கூடாரத்தை அஸ்லம் குலத்துக் குஅய்பா (ரலி) அவர்களுக்குரியதாக இப்னு ஸஅத் எழுதுகிறார். இருவரும் ஒருவரே என்பாரும் உளர். அக்கூடாரத்துப் பெண்மணி ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபருக்கும் உடன் சென்றார்கள். போர்ச் செல்வத்தைப் பங்கிட்டபோது, வாளேந்திய ஓர் ஆடவருக்குரிய முழுப் பங்கையே அவர்களுக்கும் அளித்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்.