இரண்டு முறை பொறுத்த இமாம்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் உற்றார் உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்று, தம்மால் ஏதேனும் குறை நேர்ந்திருந்தால் பொறுத்துக் கொள்ளும்படி கேட்டு வருவது நம்மவர்களிடையே உள்ள நல்ல வழக்கம். கேட்கப்பட்டவர்களும் பொறுத்துக் கொண்டோம் என்று சொல்லி அனுப்பி வைக்கிறார்கள். ஆனால் நாவு பொறுத்துக் கொண்ட அளவுக்கு உள்ளம் பொறுத்துக் கொள்கிறதா? வந்தவர் படியிறங்கிப் போன மறுகணமே, பத்து வருடத்திற்கு முன் அவர் சொன்ன ஒரு சுடுசொல்லை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுகிறவர்களும் நம்மில் உண்டல்லவா?

நம் தமிழில் பொறுத்தல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வலியைத் தாங்கிக் கொள்வதும் பொறுத்தல். வலி தந்தவரை மன்னிப்பதும் பொறுத்தல். முதலாவது பலருக்கும் கைவரும். இரண்டாவது சிலருக்கே கைவரும். இரண்டையும் செய்து காட்டிய ஒரு பெரியாரின் வாழ்வை இம்மாதம் நாம் காண்போம். அவர்கள்தாம் இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 164இல் (கி.பி. 780) பக்தாதில் பிறந்த இமாமவர்கள், சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். தாயாரே வளர்த்து ஆளாக்கினார்கள். பதினாறாம் வயதில் ஹதீதுக் கலையில் இறங்கி, கூபா, பஸரா, மக்கா, மதீனா, யமன் என்று ஊர் ஊராகச் சென்று ஓதினார்கள். நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாபிஈ (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டார்கள். அந்த உஸ்தாதுக்காகப் பல்லாண்டுகள் தம் துஆவில் இறைஞ்சி வந்தார்கள். இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீதுகளைக் கொண்ட ‘முஸ்னத்’ அன்னார் உலகுக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம்.

ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) சோதனை வந்தது. குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் முஃதஸிலாக்களின் கொள்கையை ஆலிம்கள் அனைவரும் ஒப்புக் கொண்டாக வேண்டுமென்று கலீபா மஃமூன் கட்டளையிட்டார். அச்சத்தால் பலர் இணங்கினர். இமாமவர்களும் முஹம்மது இப்னு நூஹ் (ரஹ்) என்னும் இளைஞரும் இணங்கவில்லை. இருவருக்கும் விலங்கிட்டுக் கலீபாவிடம் அனுப்பினார்கள். வழியிலேயே மஃமூன் இறந்த செய்தி கிடைத்தது. திரும்பி வருகையில் இளைஞர் முஹம்மதும் மவுத்தாகி விட்டார். தம் துணைவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்திவிட்டு, இமாமவர்கள் தனியாக பக்தாதின் சிறைக்கு வந்து சேர்ந்தார்கள். கைது முதல் விடுதலை வரை ஏறத்தாழ 28 மாதங்கள் ஆயின.

அடுத்த கலீபா முஃதஸிமின் சபையில் மூன்று நாட்கள் வாதம் நடந்தது. குர்ஆனிலிருந்தோ ஹதீதிலிருந்தோ ஓர் ஆதாரம் காட்டுங்கள், ஏற்றுக் கொள்கிறேன் என்பதே அன்னார் திரும்பத் திரும்பக் கூறிய பதிலாக இருந்தது. கலீபாவின் மனம் இளகியபோதிலும், சுற்றியிருந்தோர் விடவில்லை. தலைமைக் காஜி அஹ்மது இப்னு அபீ துஆத் அவர்களில் முதன்மையானவர். முடிவில் சாட்டை வந்தது. அடிப்பவர்கள் மாறி மாறி வந்தார்கள். களைத்தவன் விலக, புதியவன் வந்து முழு வலுவோடு அடித்தான். இமாமவர்கள் நினைவிழந்தார்கள். அது ரமளான் மாதம். நினைவு திரும்பியதும் பருகக் கொடுத்ததை, நோன்பு என்று சொல்லி மறுத்து விட்டார்கள். இரத்தம் வழிய வழியவே லுஹர் தொழுதார்கள்.

இவ்வளவும் முதல் பொறுமை. இதில் ஒரு கள்வனுக்கும் பங்குண்டு. அடிக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில் அபுல் ஹைதம் என்னும் பேர்போன திருடன் ஒருவன் இமாமைப் பின்னாலிருந்து இழுத்து, உலகத்துக்காகத் தான் ஆயிரக்கணக்கில் அடி வாங்கியும் கலங்காததைக் கூறி, மார்க்கத்துக்காக நீங்கள் உறுதியாக நில்லுங்கள் என்றானாம். அவனுக்காக இமாமவர்கள் வாழ்நாளெல்லாம் துஆச் செய்து வந்தார்கள். நமக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணும்போது, அடித்தவன் முகம் மட்டுமே நம் கண்முன் நிற்கிறது. இடையில் ஒரு நல்ல சொல் சொன்னவனை நாம் மறந்து போகிறோம். இமாமவர்கள் மறக்கவில்லை.

இனி இரண்டாவது பொறுமை. விடுதலையாகி வீடு வந்தபின் வைத்தியர் வந்து, முதுகில் செத்துப்போன சதையைக் கத்தியால் அறுத்தெடுத்தார். அந்த வேதனையின் நடுவே கலீபாவின் மன்னிப்புக்காக இமாமவர்கள் துஆச் செய்ததாகவும், வைத்தியர் வியந்து காரணம் கேட்டதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. முஃதஸிம், நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்; நபியின் உறவினர் ஒருவரோடு வழக்காடியபடி மறுமையில் எழ விரும்பவில்லை என்பதே அன்னார் சொன்ன காரணம். முதுகில் அடியின் வடு இறுதிவரை இருந்தது. இருந்தும் முஃதஸிமை ஹலாலாக்கி விட்டதாக வெளிப்படையாகவே அறிவித்தார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? மன்னித்துச் சமாதானம் செய்பவனின் கூலி அல்லாஹ்வின் பொறுப்பில் உள்ளது என்னும் திருவசனத்தை அன்னார் சிந்தித்தார்கள். தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறில் பங்கு கொண்ட மிஸ்தஹுக்கு உதவுவதை அபூபக்ர் (ரலி) அவர்கள் நிறுத்தியபோது, மன்னிக்கும்படி இறைவசனம் இறங்கியதையும், அன்னார் மீண்டும் உதவத் தொடங்கியதையும் எடுத்துக் காட்டினார்கள். அத்துடன் ஒரு கேள்வியும் கேட்டார்கள்: உன் பொருட்டால் உன் முஸ்லிம் சகோதரன் வேதனை செய்யப்படுவதால் உனக்கென்ன லாபம்? இந்தக் கேள்விக்கு நம்மில் யாரிடம் பதில் இருக்கிறது?

இங்கே ஓர் ஐயம் எழலாம். மன்னிப்பது என்றால் நடந்தது அநியாயமே அல்ல என்று ஒப்புக் கொள்வதா? அல்ல. இமாமவர்கள் தம் கொள்கையில் எள்ளளவும் தளரவில்லை. தம் உடலுக்கும் பெயருக்கும் தீங்கு செய்தோரை மன்னித்தார்கள். ஆனால் மார்க்கத்தில் புதுமை புகுத்தியோரை அந்த மன்னிப்பில் சேர்க்கவில்லை. தமக்குரிய ஹக்கைத்தான் விட்டுக் கொடுத்தார்கள். அல்லாஹ்வின் ஹக்கைத் தமதாக்கி விட்டுக் கொடுக்கவில்லை. அநியாயம் செய்யப்பட்டவர் நியாயம் கேட்பதையும் ஷரீஅத் தடுக்கவில்லை. ஆகவே புண்பட்டவரிடம் போய் மன்னித்தே ஆக வேண்டுமென்று நெருக்குவது முறையாகாது. மன்னிப்பு அவரே உவந்து தர வேண்டிய கொடை.

சோதனை அத்துடன் முடியவுமில்லை. கலீபா வாஸிக் காலத்தில் இமாமவர்கள் மக்களோடு கலவாமல் மறைந்து வாழ நேர்ந்தது. ஹிஜ்ரி 232இல் (கி.பி. 847) முதவக்கில் கலீபாவான பின்னரே நிலை மாறியது. ஒரு சமயம், கலீபாவின் எதிரியை வீட்டில் ஒளித்து வைத்திருப்பதாக இமாமவர்கள் மீது ஒருவன் பொய்ப் புகார் சொல்ல, வீடு முழுவதும் சோதனையிடப்பட்டது. பொய்யென்று தெரிந்ததும் அவனுக்குரிய தண்டனையைக் கலீபா இமாமவர்களின் முடிவுக்கே விட்டார். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கக் கூடும், அவர்கள் வருந்துவார்களே என்று சொல்லி அவனையும் விட்டு விட்டார்கள் என வரலாறு கூறுகிறது. முன்பு தம்மை அடிக்கத் தூண்டிய இப்னு அபீ துஆத் பதவியிழந்து, சொத்துப் பறிமுதலான காலத்தில், அவரைப் பற்றிக் கலீபா கேட்டனுப்பியபோது இமாமவர்கள் வாய் திறக்கவில்லை. பழி தீர்க்க ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை அவர்கள் சொல்லவில்லை.

ஹிஜ்ரி 241, ரபீஉல் அவ்வல் மாதத்தில் (கி.பி. 855) ஒரு வெள்ளிக்கிழமை, 77ஆம் வயதில் இமாமவர்கள் இறையடி சேர்ந்தார்கள். பக்தாதே திரண்டு ஜனாஸாவில் கலந்து கொண்டது.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் முதுகில் சாட்டை விழவில்லை. பாகப் பிரிவினையில் ஒரு முழ நிலம், திருமண வீட்டில் அழைப்பில் நேர்ந்த குறை, மாமியார் சொன்ன ஒரு சொல், மருமகள் காட்டிய ஒரு முகம். இவற்றை நாம் எத்தனை ஆண்டுகள் சுமக்கிறோம்! உறக்கம் போகிறது, தொழுகையில் மனம் நிற்பதில்லை. நம்மை நோகடித்தவரோ நிம்மதியாக உறங்குகிறார். மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனைப் பகைத்துப் பேசாதிருப்பது ஆகாதென்றும், திங்களும் வியாழனும் மன்னிப்பு வழங்கப்படும்போது பகைமை கொண்ட இருவரின் காரியம் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறதென்றும் ஹதீதுகள் எச்சரிக்கின்றன.

மையித்தைக் கபன் செய்து வைத்திருக்கும்போது ஓடி வந்து, பொறுத்தேன், பொறுத்தேன் என்று அழுவோரை நாம் பார்க்கிறோம். அவ்வாறு பொறுப்பதும் வீணல்ல. எனினும் அதைக் கேட்க வேண்டிய காது உயிரோடிருக்கும்போதே சொல்லி விடலாமே. இன்றிரவு இஷாத் தொழுத பின் ஒருவர் பெயரை நினைவு கூருவோம். அவரைப் பொறுத்து விட்டதாக ரப்பிடம் சொல்லுவோம். முடிந்தால் நாளைக் காலை நாமே முந்திச் சென்று அவருக்கு ஸலாம் சொல்லுவோம்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களிலிருந்து குரோதத்தை நீக்கி, இமாமவர்களின் பொறுமையில் ஒரு பங்கை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.