கிந்தனை நமக்குத் தந்த கலைவாணர்

தமிழ் மக்களைச் சிரிக்க வைத்தவர் பலர். சிரிப்போடு சிந்தனையையும் சேர்த்துக் கொடுத்தவர் சிலர். அச்சிலருள் தலையாயவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயரைக் கேட்டதும் முதியோர் முகத்தில் புன்னகை அரும்புகிறது. இளைஞர்களோ அவரை ஒரு பழைய நகைச்சுவை நடிகர் என்ற அளவிலேயே அறிந்திருக்கின்றனர். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த பசியையும் சிறையையும் கடனையும் அவர்கள் அறியார். கல்விக்காகவே தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளி விழா மலரில் நடிகர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். சேரியில் பிறந்த ஒரு பிள்ளை படித்து முன்னேறுவதைக் கதையாக்கி நாடெங்கும் பாடியவர் அவர். அந்தக் கதை நம் கதை. ஆதலின் அவர் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

இளமையும் வறுமையும்

1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. குடும்பத்தில் வறுமை குடியிருந்தது. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. மளிகைக் கடையில் எடுபிடி வேலை, டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலை எனக் கிடைத்ததையெல்லாம் செய்து வீட்டுக்கு நாலணா கொண்டுவந்த சிறுவன் அவர். கொட்டகையில் பண்டம் விற்ற கண்கள் மேடையையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஊர்க் கோயில் கொடைகளில் நடைபெறும் வில்லுப்பாட்டும் அவர் நெஞ்சில் இடம்பிடித்தது.

அவர் வளர்ந்த மண்ணில் சாதிக் கொடுமை தலைவிரித்தாடியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில்கூட ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்பது அக்கால வழக்கம். அவ்வழக்கத்தை எதிர்த்து 1924இல் வைக்கத்தில் அறப்போர் தொடங்கியது. 1926இல் நாகர்கோயிலுக்கு மிக அருகிலுள்ள சுசீந்திரத்திலும் அப்போராட்டம் எழுந்தது. 1936இல்தான் திருவிதாங்கூரில் கோயிற் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. இவை அனைத்தும் கிருஷ்ணன் வளர்ந்து ஆளாகிய ஆண்டுகளில், அவர் பிறந்த அரசின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தவை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மேடையும் திரையும்

அந்நாளில் பள்ளிக்கூடத்தை விட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு நாடகக் கம்பெனியே பள்ளிக்கூடம். பாட்டும் உரையாடலும் மனப்பாடம் ஆகும் வரை அங்கே உறக்கம் இல்லை. தவறினால் அடி உண்டு. சோறும் உண்டு. அந்தச் சோற்றுக்காகவே பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்த்த பெற்றோர் ஏராளம். கிருஷ்ணனும் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். கொடுத்த வேடம் எதுவாயினும் ஏற்றார். நகைச்சுவையில் தனித்து நின்றார்.

1935இல் வெளிவந்த மேனகா, 1936இல் வெளிவந்த சதிலீலாவதி ஆகிய படங்கள் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தன. வசந்தசேனா படத்தில் உடன் நடித்த டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணையும் ஆனார். அம்பிகாபதி, சகுந்தலை, கண்ணகி எனப் படங்கள் பெருகின. இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளுக்காகவே மக்கள் கொட்டகைக்குத் திரண்டனர். தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே கதை அமைத்துத் தம் குழுவினரைக் கொண்டு தனியாகப் படமாக்கித் தருவது அவர் வழக்கம். ஆகவே எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவரே முடிவு செய்தார். மூடநம்பிக்கையையும் போலிப் பெருமையையும் அவர் நகைத்தார். சேரி மக்களின் பேச்சையும் உடையையும் கேலிப் பொருளாக்குவது எளிதாக இருந்த காலத்தில், நகைக்கத்தக்கது சாதிச் செருக்கே என்று காட்டிய கலைஞர் அவர்.

சிறைவாசம்

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் மதுரமும் நடித்த ஹரிதாஸ் வெளிவந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் வெளிவந்த சில வாரங்களிலேயே பேரிடி விழுந்தது. நடிக நடிகையரைப் பற்றி அவதூறு எழுதிவந்த இந்து நேசன் இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவருக்கும் தீவாந்தர தண்டனை விதித்தது.

மக்கள் திரையில் அவரைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். வழக்குச் செலவு சேர்த்த பொருளை விழுங்கியது. வெளியே மதுரம் அம்மையார் மனம் தளரவில்லை. கணவர் பெயரால் நாடக சபை நடத்தினார். நம்பியிருந்த கலைஞர்களின் குடும்பங்களுக்குச் சோறு போட்டார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு அது பணித்தது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாழ்வு அத்துடன் முடிந்தது.

விடுதலைக்குப் பின் பாகவதர் பழைய புகழை எட்டவில்லை. மனம் ஒடுங்கி 1959இல் மறைந்தார். கிருஷ்ணனோ சிறையிலிருந்து வந்ததும் மீண்டும் மேடை ஏறினார். தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. முன்னினும் துணிவாகச் சமூகக் கருத்துகளைச் சொல்லத் தொடங்கினார். பம்மல் சம்பந்த முதலியார் கரத்தால் கலைவாணர் என்ற பட்டம் பெற்றதும் அக்காலத்தில்தான். துன்பம் சிலரை ஒடுக்குகிறது; சிலரைப் பிறர் துன்பத்தின்பால் திருப்புகிறது. கலைவாணர் இரண்டாம் வகையினர்.

நந்தனும் கிந்தனும்

1949இல் அண்ணா எழுதிய நல்லதம்பி என்னும் படத்தைக் கலைவாணர் எடுத்தார். அதில்தான் கிந்தனார் கதாகாலட்சேபம் இடம்பெற்றது. உடுமலை நாராயணகவியின் ஆக்கத்தில் உருவான அதைக் கலைவாணர் பாகவதர் கோலத்தில் நின்று நிகழ்த்தினார்.

நந்தனார் கதையை நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆதனூரில் பிறந்து, தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கி, தீயில் மூழ்கிய பின்னரே கோயிலுக்குள் ஏற்கப்பட்டவர் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையில் ஒரு வேதியப் பண்ணையாரைச் சேர்த்தார். நாற்பது வேலி நிலத்து வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்னும் கட்டளையையும் சேர்த்தார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றினர். மக்கள் கண்ணீர் விட்டனர். கண்ணீர் விட்டவர்களின் ஊரிலேயே நந்தனின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நின்றனர்.

கலைவாணரின் கிந்தன் கூலி வேலை செய்யும் சேரிக் குடும்பத்துப் பிள்ளை. நந்தன் கோயிலுக்கு ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கினான். ஊர்ப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்தது அடி. இரயிலேறிச் சென்னைக்குச் சென்றான். எல்லாச் சாதியாரும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்துச் செல்லும் இரயிலைக் கலைவாணர் தம் குரலாலேயே ஓட்டிக் காட்டியபோது கொட்டகைகள் அதிர்ந்தன. கிந்தன் படித்தான். கல்வி அதிகாரியாகித் தன்னை விரட்டிய ஊருக்கே திரும்பி வந்தான். தீயில் இறங்காமலே, பாடப்புத்தகத்தைக் கையில் ஏந்தியே அவன் உயர்ந்தான். உயர்சாதியார் உரிமை கொண்டாடிய காலட்சேப வடிவத்தையே எடுத்து அதனுள் இச்செய்தியை வைத்தது கலைவாணரின் துணிவு. நான்காம் வகுப்போடு நின்றவர் பாடிய கல்விக் கதை அது. தாம் இழந்ததன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

நம் மாவட்டத்தார் இங்கே மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கலைவாணர் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். அவர் கிந்தனைப் பாடுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், நம்மவராகிய சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். நந்தன் எரிந்த ஊரில் நந்தனின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சகஜானந்தர் செயலால் காட்டியதைக் கலைவாணர் பட்டிதொட்டியெங்கும் கேட்கச் செய்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

கொடையும் கடனும்

கலைவாணர் ஈட்டியது பெரிது, மீந்தது சிறிது. நலிந்த நாடகக் கலைஞர்க்கும் படிக்க வசதியற்ற மாணவர்க்கும் கேட்டவுடன் கொடுத்தார். காந்தியடிகளுக்கு நாகர்கோயிலில் தம் பொருளால் நினைவுத் தூண் எழுப்பினார். மணமகள், பணம் ஆகிய படங்களை இயக்கினார். இறுதிக் காலத்தில் உடல் நலிந்தது. கையில் பொருள் இல்லை. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில், நாற்பத்தொன்பது வயது நிறைவதற்கு முன்பே காலமானார். 1969 பொங்கல் நாளில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சியும் அதுவே. கலைவாணர் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

கலைவாணரின் கொடையை எல்லோரும் புகழ்கின்றனர். நாமும் புகழ்கிறோம். ஆயினும் அவர் வாழ்க்கை வேறொன்றையும் நமக்கு உணர்த்துகிறது. தனி மனிதரின் கை எவ்வளவு தாராளமானதாயினும் ஒருநாள் வற்றும். அவருக்குப் பின் கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவர். பலர் கூடி, கூலியில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து நடத்தும் கழகம் அவ்வாறு வற்றுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் நின்ற நம் கழகமே அதற்குச் சான்று. முந்திரிக் காட்டிலும் பலாத் தோப்பிலும் உழைத்த தாய்மார் தந்த காசு இதில் கலந்திருக்கிறது.

பண்ருட்டி வழியே செல்லும் இரயில் பாதை தெற்கே சிதம்பரத்துக்குப் போகிறது. வடக்கே சென்னைக்குப் போகிறது. தெற்கே நந்தன் போன வழி. வடக்கே கிந்தன் போன வழி. ஆனால் கிந்தன் படிப்பதற்காக ஊரை விட்டு ஓட நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. இளைஞர்களே! நம் பிள்ளை மேற்படிப்புக்காக மகிழ்ச்சியோடு இரயிலேறட்டும். அடிக்கு அஞ்சி எந்தப் பிள்ளையும் ஏற வேண்டாம். படித்து முடித்தவர்கள் கிந்தனைப் போல் தம் ஊருக்குத் திரும்பி வாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுங்கள். கலைவாணருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.