சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளரும் அரசியல் தலைவரும் ஆவார். இராஜாஜி என்றும் சி. ஆர். என்றும் பரவலாக அழைக்கப்பட்டார். விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த ஒரே இந்தியர் இவரே. சென்னை மாகாண முதல்வராகவும் (1937-1939) சென்னை மாநில முதலமைச்சராகவும் (1952-1954) இருந்தார். இவரது பொதுவாழ்வு சேலம் நகராட்சியில் ஓர் உறுப்பினராகத் தொடங்கியது. பிற்காலத்தில் வகித்த உயர் பதவிகளின் ஒளியில் இப்பகுதி பெரும்பாலும் சுருக்கமாகவே சொல்லப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர் வட்டத்திலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தென்பெண்ணை ஆற்றை அடுத்துள்ள இவ்வூர் தற்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ளது. தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யா அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். தாயார் சிங்காரம்மாள். கிராம முன்சீப் பதவி, வரி வசூல் முதல் சிறு வழக்குகள் வரை ஊர் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பதவியாகும். ஊராரின் வாக்குக்கு அதில் இடமில்லை. உள்ளூர் நிர்வாகத்தை இராஜாஜி முதன்முதலில் கண்டது இவ்வடிவில்தான்.

தொரப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற பின்னர் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து 1891 இல் மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஓசூர் மைசூர் அரசின் எல்லையை ஒட்டிய ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் அதன் கடைத்தெருவில் வழங்கின. சென்னையைவிடப் பெங்களூர் மிக அருகில் இருந்ததால் உயர்கல்விக்கு அங்கு செல்வது இப்பகுதியினருக்கு இயல்பாக இருந்தது. இராஜாஜியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்று 1894 இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னையில் சட்டம் பயின்றார். 1897 இல் அலர்மேலு மங்கம்மாளை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர். மனைவி இளம் வயதிலேயே காலமானார். இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சேலத்தில் வழக்கறிஞர்

1900 இல் மாவட்டத் தலைநகரான சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் திறமை மிக்கவர் எனப் பெயர் பெற்று நல்ல வருவாயும் ஈட்டினார். 1906 இல் நடைபெற்ற கல்கத்தா காங்கிரசு மாநாட்டிலும் 1907 சூரத் மாநாட்டிலும் கலந்துகொண்டார். டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு மீது தொடரப்பட்ட அரசத்துரோக வழக்கில் அவருக்காக வாதாடினார்.

1916 இல் சேலத்தில் நண்பர்களுடன் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். வேதியியல், இயற்பியல், கணிதம் முதலிய துறைகளின் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவது இதன் நோக்கம். இதற்கென ஓர் இதழும் வெளிவந்தது. கலைச்சொல்லாக்கத்தில் இன்று ஈடுபடுவோருக்கு இம்முயற்சி ஒரு முன்னோடியாகும். அதில் வடசொற்கள் மிகுந்திருந்தமை பிற்காலத்தில் குறையாகக் கூறப்பட்டது. எனினும் அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் வலுவாக இருந்த காலத்தில் எழுந்த முயற்சி அது என்பதையும் கருத வேண்டும்.

நகராட்சி உறுப்பினர்

1911 இல் இராஜாஜி சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார். சேலம் நகராட்சி 1866 இல் தோன்றியது. 1882 இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தையும், அதையொட்டி வந்த 1884 ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டே அன்றைய நகர்மன்றங்கள் இயங்கின. உறுப்பினர்களுள் ஒரு பகுதியினர் தேர்தல் மூலமும் எஞ்சியோர் அரசின் நியமனம் மூலமும் இடம்பெற்றனர். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது அன்று இல்லை. சொத்தும் வரியும் உடையோரே வாக்காளர். ஆதலால் ஒரு வார்டில் வாக்களிப்போர் எண்ணிக்கை மிகச் சிறியது. வேட்பாளர் ஒவ்வொரு வாக்காளரையும் பெயர் சொல்லி அறிந்திருக்க முடியும். வழக்கறிஞர், வணிகர், நிலக்கிழார் ஆகியோரே பெரும்பாலும் மன்றத்தில் அமர்ந்தனர். வீதியைப் பெருக்கியவரும் கழிவை அகற்றியவரும் நகராட்சியின் ஊழியராக இருந்தனரே அன்றி அதன் வாக்காளராக இல்லை.

வழக்கறிஞர் ஒருவர் நகராட்சி வழியாகப் பொதுவாழ்வில் நுழைவது சேலத்தில் புதியதன்று. இராஜாஜிக்கு ஒரு தலைமுறை மூத்தவரான சி. விஜயராகவாச்சாரியார் 1882 இலேயே சேலம் நகராட்சி உறுப்பினராக இருந்தவர். அவ்வாண்டு நிகழ்ந்த சேலம் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்ற அவர், பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். 1920 இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

நகராட்சித் தலைவர்

1917 இல் இராஜாஜி நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1919 வரை அப்பதவியில் இருந்தார். முதல் உலகப்போரின் இறுதியாண்டுகள் அவை. விலைவாசி உயர்ந்திருந்தது. 1918 இல் நாடெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் பெரும் உயிரிழப்பை உண்டாக்கியது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு, அம்மை குத்துதல் ஆகியனவே நகராட்சித் தலைவர் ஒருவரின் அன்றாடப் பணிகள்.

சேலம் நகராட்சியில் முதன்முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராகத் தேர்வு பெற்றது இக்காலத்தில்தான். அதற்குக் காரணமாக இருந்தவர் இராஜாஜி. பொதுக் கிணறும் கோயில் வாயிலும் மறுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் மற்ற உறுப்பினர்களுக்குச் சமமாக நாற்காலியில் அமர்ந்து, வரிப்பணம் எங்கு செலவாக வேண்டும் என்று கேட்கும் நிலை அதனால் ஏற்பட்டது. வாக்காளர் பட்டியலில் அம்மக்களின் பெயர்களே அரிதாக இருந்த நிலையில் இது தானாக நிகழக்கூடியதன்று. வைதிகக் குடும்பத்தில் பிறந்து, அதே சமூகத்தாரிடையே தொழில் நடத்தி வந்த ஒருவர் இதனால் உறவினரின் பகையைத் தேடிக்கொள்ள நேரிடும். காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பைக் காங்கிரசின் வேலைத்திட்டமாக ஆக்குவதற்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இராஜாஜியின் சீர்திருத்தங்களைக் காந்தியின் செல்வாக்காக மட்டும் காண்போர் இதனைக் கவனிப்பதில்லை.

இதே காலப்பகுதியில் அண்டை ஊரான ஈரோட்டின் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ. வெ. இராமசாமி. இருவருக்கும் இடையே ஏற்பட்ட நட்பு, கொள்கையில் எதிரெதிர்த் திசைகளில் சென்ற பின்னும் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. 1919 இல் ஈ. வெ. ரா. தமது பதவிகளைத் துறந்து காங்கிரசில் சேர்ந்ததில் இராஜாஜிக்குப் பங்குண்டு.

சட்டமன்றப் புறக்கணிப்பு

1919 இல் இராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் சென்னை வந்த காந்தி, இராஜாஜி வசித்த இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்திற்கு எதிராக நாடு தழுவிய கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்கு அங்கேதான் தோன்றியது. ஒத்துழையாமை இயக்கத்தில் பங்கேற்ற இராஜாஜி வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தார்.

1922 கயா காங்கிரசில் சட்டமன்ற நுழைவு பற்றிய வாதம் எழுந்தது. சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் தேர்தலில் நிற்க வேண்டும் என்றனர். அதனை எதிர்த்த அணிக்குத் தலைமை தாங்கியவர் இராஜாஜி. மாநாட்டில் அவரது அணியே வென்றது. தேர்தல் மூலம் பொதுவாழ்வுக்கு வந்தவர் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது முரணாகத் தோன்றலாம். ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்ட சட்டமன்றத்தில் உறுப்பினர்களால் எதுவும் சாதிக்க இயலாது என்பது அவ்வணியினரின் நிலைப்பாடு.

1925 இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்புப் பணிகளில் ஈடுபட்டார். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரக யாத்திரையைத் தொடங்கி, ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார்.

சென்னை மாகாண முதல்வர்

1937 தேர்தலில் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வு பெற்றார். பட்டதாரிகள் மட்டுமே வாக்களிக்கும் தொகுதி அது. சூலை 14, 1937 அன்று முதல்வரானார். அக்டோபர் 1, 1937 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டங்களும் அப்போது அம்மாவட்டத்திலேயே இருந்தமையால், மைசூர் அரசின் எல்லை வரை கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. கள், சாராய வருவாயை இழந்த அரசுக்கு ஈடாக 1939 இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கோயில் நுழைவுச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. போராட்டத்தில் சிறை சென்ற நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் 1939 இல் உயிரிழந்தனர். தமிழகத்தில் இராஜாஜியின் பெயருக்கு நீங்காத கறையாக இது அமைந்தது. இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவைகள் விலகியபோது, 1939 அக்டோபரில் இவரும் பதவி விலகினார்.

பின்னர் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 சூன் முதல் 1950 சனவரி 26 வரை இந்தியத் தலைமை ஆளுநராகவும், வல்லபாய் பட்டேலின் மறைவுக்குப் பின் நடுவண் உள்துறை அமைச்சராகவும் பணியாற்றினார்.

தேர்தலில் நில்லாத முதலமைச்சர்

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1952 இல் முடிவுற்றபோது, சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. அத்தேர்தலில் இராஜாஜி நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி, அமைச்சரவை அமைக்க அழைத்தார். இதனை எதிர்த்துப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. இராமமூர்த்தி தொடர்ந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. சட்டப்படி சரி எனினும், மக்களின் வாக்கைப் பெறாமல் ஆட்சிக்கு வந்தவர் என்ற குற்றச்சாட்டு அவரை விட்டு அகலவில்லை. இடைத்தேர்தல் ஒன்றில் நின்று வென்றிருக்கலாம் என்ற கருத்து நியாயமானதே. அவருக்குப் பின் முதலமைச்சரான காமராசர் 1954 இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார்.

உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியது இவ்வாட்சியின் வெற்றியாகக் கருதப்பட்டது. 1953 இல் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் ஆட்சியையே கவிழ்த்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற அத்திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றது. சாதி அமைப்பை நிலைநிறுத்தும் முயற்சி என்று திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதனை எதிர்த்தன. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். சேலம் நகர்மன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு இடம் தேடித் தந்தவரே இத்திட்டத்தின் ஆசிரியராகவும் இருந்தார் என்பது அவரது வாழ்க்கையை எழுதுவோர் எளிதில் கடக்க முடியாத இடம்.

பிற்காலம்

1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காக 1958 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவரது மகன் சி. ஆர். நரசிம்மன் 1952, 1957 பொதுத்தேர்தல்களில் காங்கிரசு சார்பில் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் வென்றார். தந்தையோ 1959 இல் காங்கிரசின் பொருளாதாரக் கொள்கைகளை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் அக்கட்சி தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்துத் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சி முடிவுக்கு வரக் காரணமாயிற்று. 1971 இல் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முனைந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் கொட்டும் மழையில் முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்துக்குச் சென்று அதனைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. டிசம்பர் 25, 1972 அன்று சென்னையில் காலமானார்.

நினைவு

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு தமிழக அரசால் நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது. 1965 இல் சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி மாவட்டமும், 2004 இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஓசூர் 2019 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2022 இல் அதன் மாமன்றத்துக்கு முதல் தேர்தல் நடைபெற்றது.